அழுக்குப் பஞ்சு

கார் கழுவுவது என் தொழில்.
பிஷ்கெக்கில் சேற்றுக்குப் பஞ்சமில்லை,
அதனால் எனக்குச் சோற்றுக்கும்.

தங்கை மகள் கல்யாணமென்று புருல் ஓஷ் போனாள்.
போகும்போது சொன்னது இரண்டே வார்த்தை:
ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு சிட்டிகைத் தீனி.
வேறு எதையும் தொடாதே.

தொட்டேன்.

வடிகட்டியைத் திறந்தால் உள்ளே பஞ்சு,
தேயிலைச் சக்கை நிறத்தில், வழவழவென்று,
மழை விட்ட மறுநாள் மண் வாசனையோடு.
இதற்குள் புகுந்து வருகிற தண்ணீரிலா
இவள் மீன்கள் மூச்சு விடுகின்றன?
குழாயடியில் பிடித்துப் பிழிந்தேன்.
பழுப்பு ஓடியது, பிறகு மங்கல், பிறகு தெளிவு.
பதினெட்டு வருடப் பழக்கம்,
தெளிவு வரும்வரை நிற்காத கை.

படம் எடுத்து அனுப்பினேன்.
அழகு என்று பதில் வந்தது.

மூன்றாம் நாள் காலை
ஒன்பது நியான் டெட்ராவும் மேல்மட்டத்தில்
வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு.
நீரோ அத்தனை தெளிவு.
எதிர்ச்சுவர்க் காலண்டரின் தேதியைத்
தொட்டி வழியாகவே படிக்கலாம்.

நான்காம் மாடியிலிருந்து ஃபாயினா
ரப்பர் செருப்போடு இறங்கி வந்தாள்.
சின்னக் கண்ணாடிக் குழாயில் நீர் பிடித்தாள்,
உதடசையச் சொட்டு எண்ணினாள், குலுக்கினாள்,
ஐந்து நிமிடம் வாயைத் திறக்காதே என்றாள்.
மஞ்சளாய் நிற்க வேண்டியது
கண்ணெதிரே பச்சையானது.
"அம்மோனியா,"
கடன் வாங்கி ஓடிப்போன மருமகன் பெயரைச் சொல்வதுபோல்.

"பஞ்சைக் கழுவினாயா?"
"கழுவினேன்."
"குழாய்த் தண்ணீரிலா? குளோரினோடா?"

சுத்தம் சோறு போடும் என்பதெல்லாம்
என் கடை வாசலோடு சரி.
அந்த வழவழப்பில் ஒரு ஊரே குடியிருந்ததாம்.
மீன் கழித்ததைத் தின்று
விஷத்தைத் தணித்து வைத்த ஊர்.
முகம் காட்டாதவர்கள், கூலி கேட்காதவர்கள்.
ஆறு வாரம் காத்திருந்து புருல் குடியேற்றியதை
ஒரு தேநீர் ஆறுவதற்குள் காலி செய்திருக்கிறேன்.

மதியத்துக்குள் இரண்டு போயின.

பிறகு வாளிகள்.
கால்பங்கு இறைத்து, கால்பங்கு ஊற்றி,
ஊற்றும் முன் குளோரினை முறிக்கும் மருந்து விட்டு,
முழங்கையால் சூடு பார்த்து,
தீனியை நிறுத்தி, மறுநாளும் அதையே.
ஜன்னலுக்கு வெளியே நிலக்கரிப் புகை
எதிர்க் கட்டடத்தை விழுங்கியிருந்தது.
ஃபாயினா இருமினாள்.
"இதில் யார் கால்பங்கு மாற்றுவது?"

சாயங்காலம்
வெள்ளரி ஊறுகாய் ஜாடி ஒன்றில்
தன் தொட்டிப் பஞ்சில் பாதியை வெட்டிக் கொண்டுவந்தாள்.
கன்னங்கரேல். ஓரத்தில் ஓர் அழுகிய இலை.
இரண்டு கையாலும் வாங்கினேன்.
லெக்ஸஸ்காரன் நீட்டும் சாவியைக்கூட
நான் அப்படி வாங்கியதில்லை.

எட்டாம் நாள் புருல் வந்தாள்.
கோட்டைக் கழற்றாமல் தொட்டிமுன் நின்று எண்ணினாள்.
ஏழு.
மறுபடி எண்ணினாள்.
ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தை நீட்டினேன்:
பச்சை, பச்சை, கொஞ்சம் பச்சை,
எலுமிச்சை போல, நேற்று ஏறக்குறைய மஞ்சள்.
என் கோணல் எழுத்தில் தேதியோடு.

படித்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
என் கையை எடுத்து முகர்ந்தாள்.
சோப்பு வாசனை இல்லை என்பது
அவளுக்குப் பிடிபடச் சற்று நேரமானது.