கோடு, புள்ளி, புள்ளி

பதினொரு வருசமாய் நான் வரைகிற கோடு இது.
கோடு, புள்ளி, புள்ளி. கோடு, புள்ளி, புள்ளி.
கணினி வந்த பிறகும்
எங்கள் கந்தோர்ப் பெரியவருக்குக் கைமையில்தான் நம்பிக்கை.
மாவட்டம் முடிகிற இடத்தில் பேனை திரும்பும்.
அதற்கு அங்கால் வெள்ளைத் தாள்.
அங்கே வேறொருத்தி வரைவாள்,
அவளுக்கு எங்கள் பக்கம் வெள்ளை.

ஐப்பசி முதல் ஞாயிறு.
மழை வரவில்லை. தும்பிகள் மட்டும்
முழங்கால் உயரத்தில் பறந்தன.
எழுதுமட்டுவாளில் இறங்கினோம், நானும் கில்பேட்டும்.
அளவைச் சங்கிலி பிடிக்க வந்தவன்;
சங்கிலி ஒழிந்து கருவி வந்தும்
'சங்கிலி' என்றால்தான் திரும்பிப் பார்ப்பான்.
ஒரு றாத்தல் பாண், இடிச்ச சம்பல், மூன்று போத்தல் தண்ணி.
"சம்பளமில்லாமல் எல்லை நடக்கிற விசர் ஆக்கள்
நாங்கள் ரெண்டு பேர்தான்" என்றான்.

களப்புக் கரையில் உப்புப் பொருக்கு நொறுங்கியது.
வடக்கே பார்த்து நடந்தால்
இடது கால் யாழ்ப்பாணம், வலது கால் கிளிநொச்சி.
கொஞ்ச நேரம் அப்படிச் சொல்லிச் சொல்லி நடந்தோம்,
பிறகு அலுத்துவிட்டது.
ஒரு கதியால் அரை முழம் தள்ளி நட்டதற்கு
மூன்று தலைமுறை கோடேறுகிற சனம் நாங்கள்.
இந்தக் கோட்டுக்கு மட்டும்
வேலியுமில்லை, வழக்குமில்லை,
ஆடு மேய்க்கிறவனுக்குப் பேரும் தெரியவில்லை.

றோட்டைக் கடந்து, தண்டவாளத்தைக் கடந்து
சிவப்புப் பலகை. மண்டையோடு. மஞ்சள் நாடா.
நாடாவுக்கு அந்தப் பக்கம் தலையில்லாத பனைகள்,
அடியில் வடலிகள் தாராளமாய்.
என் கோடு நேரே உள்ளே போகிறது.
கில்பேட் ஒன்றும் சொல்லவில்லை, செருப்பை மட்டும் பார்த்தான்.
சுற்றிப் போனோம், ஒன்றரை மைல்.
தாளில் அந்த இடத்தைக் கடக்க
எனக்கு ஒரு மூச்சும் ஆவதில்லை.

எல்லைக்கல்லைக் காணவில்லை.
கருவி 'இங்கேதான்' என்று நின்ற இடத்தில்
ஒரு கிணறு, ஒரு கொடி, நனைந்த சட்டைகள்.
புனிதமலர் கல்லில் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்தா.
சவர்க்கார நுரைக்குள் வெட்டின எழுத்து தெரிந்தது.
"நல்ல கல்லு. திரும்பி வந்த அண்டைக்கு
பத்தைக்குள்ள கிடந்தது.
கொண்டு போகப் போறியளோ?"
இல்லை என்றோம்.
"அப்ப நான் எந்தப் பக்கம்?
வோட்டு அங்க. பிள்ளையின்ர பள்ளிக்கூடம் இங்க.
கறண்ட் பில்லு ரெண்டு பக்கத்தாலயும் வருகுதில்லை."

கில்பேட் என்னைப் பார்த்தான்.
நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன்:
என் பேனை நுனியின் தடிப்பு
நிலத்தில் முப்பதடி வரும்.
அவவின் வீடு இருபத்தாறு அடி அகலம்.
முழுவதும் மைக்குள் இருக்கிறது,
கிணறும் கொடியும் கூட.
"வரைபடத்தில வடிவாத் தெரியேல்லை அக்கா" என்றேன்.
பொய்யுமில்லை.
தேத்தண்ணி தந்தா. சீனி கூட.

அதற்குப் பிறகு மணல்தான்.
ஏறினால் சறுக்கும் மேடுகள், தாழை, நெருஞ்சி.
பாணைத் தின்று, போத்தல்களைக் காலியாக்கி,
கதை வற்றிப் போய்
கடலுக்கு வந்து சேர நாலு மணி.
கில்பேட் காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினான்.
"இன்னும் போகுதோ?"
"தாளில இதோட சரி."
அவன் கேட்காதவன் போல இன்னும் நாலு எட்டு வைத்தான்.
அப்போதுதான் மழை,
கடலுக்கு மேல் நரைத்து வந்து, அவனை முதலில் நனைத்தது.

நாகர்கோவிலில் கடைசி பஸ்.
என் பாவாடைக் கரை முழுக்க நாயுருவி.
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி ஜன்னலால் எறிந்தேன்,
பாதியில் விட்டுவிட்டேன்.
பருத்தித்துறை மட்டும் நித்திரை.