பார்க்கவில்லை

பதினொன்றாம் கொண்டை ஊசி வளைவில்
எங்கள் பஸ் இறங்க, குட்டியானை ஒன்று ஏற,
சத்தம் கேட்டபோது நான்
டிக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கண்டக்டர் கிறுக்கிய பாக்கி
ஏழு ரூபாயா, ஒரு ரூபாயா என்று.

நிமிர்ந்தால் ரோடெல்லாம் முட்டை.
அட்டை அட்டையாய்ச் சரிந்து
மஞ்சள் கரு தாரில் வழிந்து
தடுப்புச் சுவர்ப் பக்கம்
அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.
ஒரு குரங்கு வந்து உட்கார்ந்து
எங்களுக்கு முன்பே கணக்கெடுக்க ஆரம்பித்துவிட்டது.

இறங்கினோம்.
இறங்கியதுமே பஸ் முழுக்க ஒரே கட்சி.
"ஹாரன் அடிச்சானா அவன்?"
"லோடு வண்டிக்காரனுங்களே இப்படித்தான்."
காதுகுத்துக்குப் போய்த் திரும்பிய கூட்டம்,
செவ்வாய்ப்பேட்டை மளிகைக்காரர்,
பின் சீட்டில் கொட்டாவியோடு எழுந்தவர்கூட
நன்றாகப் பார்த்திருந்தார்.

மாதையன் என்றான் அந்தப் பையன், பேர் கேட்டதற்கு.
"ஏறுற வண்டிக்குத்தானே வழி விடணும்"
என்று ஒருமுறை சொன்னான்.
இரண்டாம் முறைக்கு இடம் கிடைக்கவில்லை.

ஏட்டு வந்து நோட்டைப் பிரித்தார்.
"ஒழுங்காப் பார்த்தவங்க யாராவது ஒருத்தர் சொல்லுங்க."
எல்லாரும் அரை அடி பின்னால் போனார்கள்.
நகராமல் நின்ற நான் முன்னால் வந்ததுபோல் ஆகிவிட்டது.
"அவர்தான் சார் வேகமா வந்தார்" என்றேன்,
குரலை உயர்த்தாமல்.
அவன் என்று சொல்லவில்லை. அவர் என்றேன்.
அந்த ஒரு 'ர்' போதுமாக இருந்தது அன்றைக்கு,
மரியாதையாக நடந்துகொண்டேன் என்று
நானே என்னை நம்பிக்கொள்ள.

ஆத்தூர் ரோட்டில் எடைமேடை பார்க்கிறவள் நான்.
மரவள்ளிக் கிழங்கு லாரி ஏறுமுன்
எண் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்காமல்
பதினான்கு வருஷத்தில் ஒரு சீட்டு கிழித்ததில்லை.
ஐம்பது கிலோ கூட்டிப் போடச் சொல்லி
டீயோடு வந்தவரிடம்
டீக்குக் காசு கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

புதன்கிழமை, மேடை காலி. சிவப்பில் பூஜ்யம்.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பின்னால் லாரிக்காரர் ஹாரனை விடாமல் அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஸ்டேஷனுக்குப் போனேன்.
"அன்னைக்கு நான் பார்க்கலைங்க சார்."
"அதெல்லாம் பேசி முடிச்சாச்சும்மா.
பஸ் கண்ணாடிக்கு நாலாயிரம் கட்டிட்டான்.
முட்டை அவன் கணக்கு. இப்பப் போயி எதுக்கு?"
எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எதில் எழுத என்றார்.
வெள்ளைத் தாளில் நானே எழுதிக் கொடுத்தேன்.
அதன் மேல் டீ கிளாஸை வைத்தார், காற்றுக்கு.

ஒண்டிக்கடையில் முட்டை இறக்கிக்கொண்டிருந்தான்.
சொன்னேன். நடுவில் ஒருமுறைகூட
அட்டையைக் கீழே வைக்கவில்லை.
"பஸ்காரர் மேல தப்பா அப்ப?"
தெரியாது, அதையும் நான் பார்க்கவில்லை என்றேன்.
கண்ணாடிப் பணத்தில் பாதியை நீட்டினேன்.
எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டான்.
"மீதியை மத்தவங்க தருவாங்களா?"
கேலியில்லை. நிஜமாகவே கேட்டான்.
முப்பது பேர் இருந்திருப்போம் அந்த பஸ்ஸில்.
ஒருவர் பேரும் எனக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது பதினொன்றாம் வளைவில்
பக்கத்து சீட்டுக்காரர் கை நீட்டிக் காட்டினார்:
"இங்கதாங்க போன வாரம் ஒரு லோடு வண்டிக்காரன்
கண்ணு மண்ணு தெரியாம வந்து..."
அவரை அன்று பார்த்த ஞாபகமே இல்லை.

"அந்த பஸ்ஸில்தான் நான் இருந்தேன்" என்றேன்.
முழங்காலைத் திருப்பி, முகத்தைத் திருப்பி,
கதை கேட்கத் தயாராக உட்கார்ந்தார்.

"பார்க்கலைங்க."

ஜன்னல் சீட்டை வீணாக்கியவளைப் பார்ப்பதுபோல்
பார்த்துவிட்டு
முன் சீட்டுக்காரரிடம் ஆரம்பித்தார்.