வால் கடக்கும்வரை

நாற்பத்தேழாவது கிலோமீட்டரில் மஞ்சள் பலகை.
அதில் 3 என்று இருக்கும். மூன்றென்றால் முப்பது.
பூஜ்யத்துக்குப் பெயிண்ட் வாங்க
ருமேனிய ரயில்வேயிடம் காசில்லை என்பான்
என் உதவியாள் ஏமிலியன்.

தற்காலிகம் என்றுதான் போட்டிருந்தது.
பத்து நாளைக்கொருமுறை கைக்கு வரும்
கட்டுப்பாட்டுப் புத்தகத்தில்
பதினான்கு வருடமாக அதே வரி:
மூரெஷ் ஆற்றுப் பக்கத்துக் கரை, களிமண், சரிகிறது,
நாற்பத்தேழு இருநூறு முதல்
நாற்பத்தெட்டு தொள்ளாயிரம் வரை.
தாள் மட்டும் புதுசு.

எஞ்சின் தாண்டினால் போதாது.
முடிவுப் பலகையைக் கடைசிப் பெட்டி கடக்கும்வரை
வேகக் கைப்பிடியைத் தொடக்கூடாது.
தலை கெட்டி மண்ணுக்கு வந்துவிடும்,
வயிறு இன்னும் களியின்மேல் கிடக்கும்.
ஓரத்துக் கம்பங்களை எண்ணிக்கொண்டே போவேன்.
நான்கு பெட்டிக்கு இரண்டு கம்பம்.
சரக்கு வண்டியென்றால் பதினொன்று.

மொத்தம் மூன்றரை நிமிடம்.
அதில் நீல ஜன்னல் வீட்டுக்கு ஒன்பது விநாடி.

ஒன்பது விநாடி குறைவில்லை.
முதல் குளிர்காலத்தில் ஜன்னலோரம் தொட்டில்.
பிறகு ஜன்னல் விளிம்புக்கு மேலே ஒரு உச்சிமுடி.
பிறகு முழு முகம், வாயில் ரொட்டி.
பிறகு ரயிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து
எதையோ எழுதும் ஒருவன்.
வெள்ளிக்கிழமைகளில் மூன்றாம் பெட்டியிலிருந்து
யாரோ சர்க்கரை மூட்டையை
அவர்கள் வேலியோரப் புல்லில் உருட்டிவிடுவார்,
அடுத்த நிலையத்தில் இறங்கி
வெறுங்கையோடு திரும்பி நடக்க.
கார்டுக்கு அப்போது பார்த்து டிக்கெட் எண்ண வேண்டியிருக்கும்.
ஒரு பிப்ரவரியில் உள்ளே
நிலைக்கண்ணாடிமேல் துணி போட்டிருந்தார்கள்.
யார் என்று ஒன்பது விநாடியில் தெரியவில்லை.
மே மாதம் வெயில் வந்தபின்தான் தெரிந்தது:
முற்றத்தில் சவரம் செய்துகொள்பவர் வரவில்லை.
வெள்ளிக்கிழமை மூட்டையும் வரவில்லை.

போன கோடையில் இயந்திரங்கள் வந்தன.
கரையில் இரும்புத்தூண் இறக்கினார்கள்,
புதுக் கட்டை, புதுக் கல்.
அளக்கும் வண்டி மூன்று முறை போய்வந்தது.
ஒரு செவ்வாய்க்கிழமை புத்தகத்தில் அந்த வரி இல்லை.
எண்பது.
பலகை நின்ற குழியில் மழைத்தண்ணீர்.

அன்று என் கை தானாக பிரேக்குக்குப் போய்விட்டது.
“இரண்டு நிமிடம் எங்கே?” என்றாள் ரேடியோவில் லாவினியா.
“பழக்கம்” என்றேன்.
தாமதக் காரணப் பட்டியலில்
அப்படியொரு எண் இல்லையாம்.

எண்பதில் அந்த வீடு மூன்று விநாடி.
நீலம் என்று தெரியும். அவ்வளவுதான்.

அக்டோபரில் ஒரு மாலை
நாற்பத்தெட்டாவது கல்லுக்குக் கொஞ்சம் முன்னால்
இடது பக்கம் ஒரு உதை.
உதை மாதிரி ஒன்று.
ஏமிலியன் தேநீரிலிருந்து தலை தூக்கவில்லை.
விதி தெளிவானது: உணர்ந்தால் சொல்.
சொன்னால் அடுத்த வண்டி இருபதில் போகும்,
ஆள் நடந்து பார்க்கும்வரை.
ரேடியோவைக் கையில் எடுத்தபின்
அரை கிலோமீட்டர் சும்மா ஓடினேன்.
சொன்னேன்.

ஸம்ஃபிரா மழையில் நடந்தாள்,
அளவுகோலும் கைவிளக்குமாக, அந்த ஆயிரத்து எழுநூறு மீட்டரும்.
தண்டவாள இடைவெளி இரண்டு மில்லிமீட்டர் கூட.
அனுமதிக்குள். “குறையில்லை” என்று எழுதிவிட்டு
எனக்கு போன் செய்தாள்.
“நிஜமாகவே உதைத்ததா?”
“அப்படித்தான் இருந்தது.”
“என் பூட்ஸுக்குள் இன்னும் தண்ணீர்” என்றாள்.
வைத்துவிட்டாள்.

அன்றிரவு இருபதில் போனது ஒரே ஒரு வண்டி,
எண்ணெய் டாங்கர்கள், ஓட்டியவன் ஹொரியா.
மறுநாள் பணிமனையில் கேட்டேன்,
அந்த வீட்டில் விளக்கு எரிந்ததா என்று.

“எந்த வீடு? நான் கம்பம் எண்ணிக்கொண்டிருந்தேன்”
என்றான். பிறகு கையுறையைக் கழற்றியபடி:
“வேலிப்பக்கம் ஒரு பையன் நின்றான்.
கையை ஆட்டினான்.
திட்டினானோ என்னவோ.”