மூணு நிமிஷ வாய்ஸ்

அமலி, பெரியப்பா பேசுறேன்.
அங்க விடிஞ்சதும் கேளு, அவசரமில்ல.

ஓட்டேரியில மெட்ரோவுக்குத் தோண்டுறான்,
பஸ்ஸெல்லாம் ஊரைச் சுத்திக்கிட்டுப் போகுது.
மாடிவீட்டு ரோஸ்லின் கல்யாணத்துல
பிரியாணி பத்தல.
வெறும் தால்சாவோட எழுந்துட்டான் உங்கப்பன்,
பத்து நாளா அதே பேச்சு.

தண்ணி லாரி ராத்திரி ரெண்டுக்கு வருது.
முழிச்சிருக்கறது உன் தம்பி மட்டும்தான்,
குடத்தோட இல்ல,
போனோட.

அப்புறம்,
சொல்லாதேன்னாங்க, சொல்லிடறேன்:
உன் ரூம்ல வாஷிங் மெஷினைப் போட்டுட்டோம்.
அது சுத்துறப்போ
அலமாரியில உன் கேரம் கப்புங்க
கடகடன்னு ஆடுது.

கோவிச்சுக்காத.
துணி எடுக்கப் போனாலும்
உங்கப்பன்
கதவைத் தட்டிட்டுதான்
உள்ள போறான்.