வெள்ளை வட்டம்

படகில் ஏறும்போதே சண்டை,
ஓரத்து இடம் யாருக்கு என்று.
யாரெட்சிக்கு ஒன்பது வயது. ஆன்செல்மோவுக்கு ஐந்து.
சான் பிளாஸ் துறையில் இன்னும் விடியவில்லை.
நீல டிரம்களை ஏற்றிக்கொண்டே எலியாசர் சொன்னார்:
"குடிதண்ணீர் இவ்வளவுதான்.
தீவில் உப்பில்லாத எதுவும் கிடையாது."

மூன்று மணி நேரம்.
சின்னவன் இரண்டு முறை என் மடியில் வாந்தியெடுத்தான்.
திமிங்கிலம் ஒன்றுகூட வரவில்லையென்று
பெரியவள் என்னை முறைத்தாள்,
நான் அதை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு
வந்ததுபோல.

பிறகு தீவு.
கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்தது:
ஆயிரம் வருடத்துப் பறவை எச்சம்,
அழுகிய மீன், வெயில்.
குட்டை மரங்களில் கத்தரிவால் பறவைகள்.
பருவம் முடிந்தும் மனம் விடாத ஓர் ஆண்
தொண்டைச் சிவப்பை ஊதிப் பெருக்கிக்கொண்டு
காலி வானத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

குப்பை ஒன்றும் விட்டுவரக் கூடாது,
கூழாங்கல் ஒன்றும் எடுத்துவரக் கூடாது,
பறவை வழியில் உட்கார்ந்திருந்தால்
நாம்தான் காத்திருக்க வேண்டும்.
உட்கார்ந்திருந்தது.
நீலக் கால்கள்,
யாரோ பெயின்ட் டப்பாவில் மிதித்த மாதிரி.
இதற்கு இங்கே போபோ என்று பேர், முட்டாள் என்று அர்த்தம்.
மனிதரைக் கண்டு ஓடாத எதற்கும்
நாம் வைக்கும் பேர் அது.

நாற்பது நிமிடம் நின்றோம்.
டெபிக்கில் ஒரு சிவப்பு விளக்குக்கு
நாற்பது நொடி நிற்காத பிள்ளைகள்.

அதற்குக் கூடென்று ஒன்று இல்லை.
வெறுந்தரை; சுற்றிலும்
தன் எச்சத்தால் தானே போட்ட வெள்ளை வட்டம்.
உள்ளே இரண்டு குஞ்சுகள்.
பெரியது சின்னதின் தலையில் கொத்தியது.
மறுபடி கொத்தியது.
சின்னது கழுத்தைத் தரையில் நீட்டிக் கிடந்தது,
மன்னிப்புக் கேட்கத் தெரிந்த ஒரே விதம் அதுதான் போல.
தாய் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா, ஏதாவது செய்!"
யாரெட்சியின் குரல் உடைந்தது.
காலையிலிருந்து தம்பியை
ஏழு முறை கிள்ளியவள்.

நோட்டுப் புத்தகத்தோடு குந்தியிருந்த
ஆராய்ச்சி மாணவி பெலென்
தலை நிமிராமல் சொன்னாள்:
"மீன் நிறையக் கிடைக்கும் வருடம் இரண்டும் பிழைக்கும்.
கிடைக்காவிட்டால் ஒன்று."
"இந்த வருடம்?"
பெலென் பென்சிலைக் கடித்தாள்.
"தண்ணீர் சூடாக இருக்கிறது."

அந்தத் தாயைத் திட்ட வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.
மருந்துக்கடை இரவு வேலை முடிந்து
வாசலிலேயே செருப்போடு நின்று,
உள்ளே இரண்டும் அடித்துக்கொள்வதைக் கேட்டபடி
சாவியைத் திருப்பாமல் இருந்த காலைகள்
எனக்கும் உண்டு.

இரவு கூடாரத் துணியை
துறவி நண்டுகள் பிறாண்டின.
தூங்கிவிட்டான் என்று நினைத்த சின்னவன் கேட்டான்:
"நீயாக இருந்தால் என்னைக் கொத்துவாயா?"
அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.
"எவ்வளவு மீன் இருக்கு என்பதைப் பொறுத்தது."
நியாயமான பதிலாகப் பட்டிருக்க வேண்டும்,
அடுத்த நிமிடம் குறட்டை.
எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

காலையில் வடகாற்று ஏறுமுன் கிளம்பச் சொன்னார் எலியாசர்.
அந்தப் பாதைப் பக்கம் போகவில்லை.
போகலாமா என்று அவளும் கேட்கவில்லை.
சட்டைப்பையிலிருந்த கூழாங்கல் ஒன்றை மட்டும்
ஏறுவதற்கு முன் மணலில் போட்டாள்.

பாதிக் கடலில் கடைசி பாட்டில்.
நகத்தால் நடுவில் கோடு கீறி
முதலில் அவள் குடித்தாள்,
கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும்.
பிறகு மூடியைத் துடைத்து
தம்பியிடம் நீட்டினாள்.