இரண்டாவது தடவை

ஆனி பிறந்துவிட்டால் பணகுடியில்
ஜன்னலைச் சாத்தினாலும் காற்று உள்ளேதான் இருக்கும்.
ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில்
கொண்டி போன கதவுக்கு ஒரு செங்கல் காவல்,
கேள்வித்தாள்களுக்கு நாற்பத்தோரு பென்சில் டப்பாக்கள்.

மேசைமேல் உள்ளங்கை அளவு ஸ்பீக்கர்.
அதற்குள் ஒரு பெண் இருக்கிறாள்.
மூன்று வருடமாக என்னோடு பஸ்ஸில் வருகிறாள்,
சோற்றுப் பைக்கு அடியில் கிடப்பாள்,
சொன்னதையே சொல்வாள்:
மழை நாள், ரயில் நிலையம்,
குடையைத் தொலைத்த ஒரு கர்னல்.

இரண்டு தடவை போடுவேன். ஐந்து கேள்வி.
முதல் தடவை கேட்க மட்டும், பேனாவைக் கீழே வை என்றால்
வைத்துவிட்டு
விரலால் பெஞ்சில் எழுதுகிறார்கள்.

காற்று அவளுடைய வார்த்தைகளின் வாலைத் தின்கிறது.
ஆங்கிலத்துக்கு வாலில்தான் எல்லாம்,
ஒன்றா பலவா, இன்றா நேற்றா.
"ஒரு குடையா ரெண்டு குடையா டீச்சர்?"
"கேளுல."
"காத்தாடிதான் கேக்கு."

அப்புறம் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன்.
மாசானமுத்து எழுந்து
வரி நழுவிவிடாமல் விரலால் அமுக்கிக்கொண்டு
"கோ... லோ... னெல்" என்றான்,
ஏதோ புளியம்பட்டி பஸ்ஸுக்குப் பலகை வாசிப்பதுபோல.
கர்னல் என்றேன்.
தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான்.
"இதுல ர் எங்க டீச்சர் இருக்கு?"
இல்லை.
"இல்லாதத எப்படி வாசிக்க?"
பின்பெஞ்சிலிருந்து அருள்ஜெபா:
"திருநெல்வேலியவே டின்னவெல்லினு எழுதிட்டுப் போனவங்கல்லா,
அவங்க கர்னலு பின்ன எப்படி இருப்பாரு."
வகுப்பு சிரித்தது. நானும்.
பதில் அதல்ல. இருந்தாலும் விட்டுவிட்டேன்.

முப்பிடாதி சிரிக்கவில்லை.
அவளுக்கு பியும் டியும் இன்னும் முகம் மாறும்.
வாசி என்றால் தொண்டையைத் தொட்டுக் காட்டுவாள்,
பள்ளி திறந்த நாள் முதல் அங்கே வலி.
வீடு காத்தாடிகளுக்கு நேர் கீழே.
எந்தக் காத்தாடி எண்ணெய் கேட்கிறது என்று
கம்பெனிக்காரர்களுக்கு முன்னால் அவள் சொல்லிவிடுவாள் என்று
பிள்ளைகள் சொல்வார்கள்.
அவள் தாளில் ஐந்து கேள்விக்கும் கீழே
தமிழில் ஒரே வரி:
நடுவுல அந்த அக்கா எச்சி முழுங்குது.

சாயங்காலம் பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்டேன்.
வள்ளியூரில் இல்லை.
நாங்குநேரி டோல்கேட்டில் பஸ் நின்றபோது கேட்டது.
ஒரு வார்த்தைக்கு முன்னால் நிற்கிறாள்.
ஒரு மிடறு.
அப்புறம்தான் கர்னல்.

விடைக்குறிப்பில் இதற்கு இடமில்லை.
ஐந்துக்குப் பூஜ்யம் போட்டேன்.
போட்ட பூஜ்யத்தின் மேலேயே
பேனா இன்னொரு சுற்றும் சுற்றியது.

பாதி வகுப்பு தேறவில்லை, மறுவாரம் அதே பத்தி.
ஸ்பீக்கரில் சார்ஜ் இல்லை. மலையடி முழுக்க
இத்தனை காத்தாடி சுற்றியும் கரண்ட் இல்லை.
நானே வாசித்தேன்,
ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்து,
வால்களை ஒன்றுவிடாமல்,
எங்கள் ஊர் டகரத்தோடு.
முப்பத்தாறு பேருக்கு ஐந்துக்கு ஐந்து.
சந்தோஷப்படலாம்தான்.
ஆனால் அவர்களுக்குப் புரிந்தது ஆங்கிலமா, நானா?
பரீட்சைக்கு நான் வரப்போவதில்லை,
அவள்தான் வருவாள்.

மணி அடித்தபின் முப்பிடாதி தாளைக் கொடுத்தாள்.
எத்தனை குடை என்ற கேள்விக்கு
எழுத்தில்லாமல் ஒரு 1.
சரி, ஒரு மார்க்.
மற்ற நாலும் வெள்ளை.
செங்கலைக் காலால் தள்ளிக் கதவைத் திறந்தவள்
காற்றுக்குள் நின்றுகொண்டு சொன்னாள்:
"நீங்களும் அங்ஙனதான் முழுங்குனிய டீச்சர்."