இடம் பார்க்கப் போனது

மிசூரியின் தெற்கே இது எங்களுக்கு மூன்றாவது மாவட்டம்.
பின் இருக்கையில் ஊறுகாய் பாட்டில்கள்.
ஒவ்வொன்றிலும் ஒரு பிடி மண், முக்கால் தண்ணீர்,
மூடிமேல் டெஸ்மண்டின் கையெழுத்தில் ஊர்ப்பெயர்.
குலுக்கி வைத்தால் மணல் முதலில் இறங்கும்,
பிறகு வண்டல்,
களிக்கு மட்டும் ஒரு நாள் பொறுக்க வேண்டும் என்று
எங்கோ படித்திருந்தான்.
சாலை விடவில்லை.
ஐந்து நாளாக எல்லாமே கலங்கல்.

முதல் இடத்தில் ஓடை இருந்தது,
விளம்பரத்தில்.
போய் நின்றால் வெள்ளைக் கூழாங்கல்.
"ஏப்ரலில் ஓடும். மற்ற மாதங்களில்
பூமிக்கடியில் ஓடும்" என்றாள் தரகுப்பெண்,
அதற்கும் சேர்த்துத்தான் விலை என்பதுபோல.
இரண்டாவதில் மண்வெட்டி
நான்கு விரற்கடையில் கல்லைத் தொட்டு டங் என்றது.
அந்தச் சத்தத்தையும் டெஸ்மண்ட் நோட்டில் எழுதினான்.
அன்றிரவு மோட்டலில்
கணுக்காலில் ஒட்டிய உண்ணிகளைப் பிடுங்கி
சோப்புத் தண்ணீரில் போட்டு எண்ணினோம்.
பதினேழு.
பதினெட்டாவது எங்கே என்று யோசித்தே விடிந்தது.

நான் கான்சாஸ் சிட்டியில் பஸ் ஓட்டுகிறேன்,
பதினாறு வருடமாக.
கதவைத் திற, கதவை மூடு.
எனக்கு அதிகம் வேண்டாம்:
யாரும் ஏறாத ஒரு காலை.
டெஸ்மண்டுக்கு ஆடுகள் வேண்டும். ஆறு.
பெயர்கூட வைத்தாயிற்று.

மூன்றாவது, வெர்லின் ஸ்டோக்ஸ் என்பவருடைய நாற்பது ஏக்கர்.
சீடர் மண்டிய மேடு, வால்நட் வரிசை,
ஒழுகாத கொட்டகை, முந்நூற்றெண்பது அடிக் கிணறு.
"வற்றியதுண்டா?"
"நான் பார்த்ததில்லை."
மண்வெட்டியின் இலை முழுக்க உள்ளே போனது,
சத்தமே இல்லாமல்.
டெஸ்மண்ட் என்னைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டான்.
வாங்குகிற முகத்தைக் காட்டக்கூடாது என்று
காரிலேயே பேசி வைத்திருந்தோம்.

"ஏன் விற்கிறீர்கள்?" என்று நான்தான் கேட்டேன்.
சட்டைக் கையை மடித்தார்.
முன்கைத் தோலுக்கடியில்
கயிறாய்த் திரண்டிருந்தது ஒரு நரம்பு.
"டயாலிசிஸ். வாரம் மூன்று தடவை.
போக அறுபத்தொரு மைல், வர அறுபத்தொன்று.
உறைபனி நாளைப் பற்றிக் கேட்காதே."
பிறகு மேல்பையிலிருந்து
அவரும் ஒரு நோட்டை எடுத்தார்.

உங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ஓடுமா?
தண்ணீர் எந்த மாடிவரை ஏறும்?
ராத்திரி எவ்வளவு வெளிச்சம், தூங்க முடியுமா?
வாடகை ஏறாத வருடம் உண்டா?
நாய்க்கு இடம் தருவார்களா? பெரிய நாய்.

லிஃப்ட் ஏப்ரலில் ஓடும் என்றேன்.
டெஸ்மண்ட் மட்டும் சிரித்தான்.
மற்றதற்கெல்லாம் உள்ளது உள்ளபடி சொன்னேன்,
எங்கள் வீட்டை யாரோ விலைக்குக் கேட்பதுபோல்
கொஞ்சம் கூசியது.
"பஸ்?"
அது எனக்குத் தெரியும்.
சிகிச்சை மையத்துக்கு நேர் எதிரே நிறுத்தம்,
ஐந்து நாற்பதுக்கு முதல் வண்டி,
என்னுடையது.
"படி உயரமா?"
"வண்டியைத் தாழ்த்துவேன்."
எழுதி, அடிக்கோடிட்டார்.
பின்பு எங்கள் பாட்டிலில்
தானே குனிந்து ஒரு பிடி மண் அள்ளிப் போட்டார்.

திங்கட்கிழமை. விலை இன்னும் பேசவில்லை.
சமையலறை ஜன்னலில் பாட்டில்கள் தெளிந்துகொண்டிருக்கின்றன.
ஒரு மூடியில் பெயர் அழிந்துவிட்டது,
எந்த ஊர் என்று டெஸ்மண்ட் முகர்ந்து பார்க்கிறான்.
நான் ஓட்டிக்கொண்டே
பதினாறு வருடத்தில் முதல்முறையாக
வாடகைப் பலகைகளைப் படிக்கிறேன்:
நிறுத்தத்திலிருந்து வாசலுக்கு எத்தனை எட்டு,
எத்தனை படி,
நடைபாதையில் எந்தக் கல் தூக்கி நிற்கிறது,
பெரிய நாய் ஒன்று கால் நீட்டிப் படுக்க
எங்காவது ஒரு துண்டுப் புல்.

பின்னாலிருந்து யாரோ மணியை இழுக்கிறார்கள், விடாமல்.
ஒரு நிறுத்தம் தாண்டி வந்துவிட்டேன்.